தேயாத சீல் வைத்த செலவு: ஆர்எக்ஸ்-7 காரில் இரண்டு ஏபெக்ஸ் சீல் அனுபவங்கள்

ரோட்டரி என்ஜின் கார் வைத்திருப்பவரிடம் நலம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ஜினை எத்தனை முறை இறக்கினீர்கள்?" என்பதுதான். என் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டிக்கு இரண்டு முறை: 2012-இலும் 2017-இலும். முதல் முறை வெளி நிறுவனம் ஒன்றின் கடின எஃகு சீல் போட்டேன். இரண்டாம் முறை மாஸ்டாவின் அசல் சீல். முதலாவது 28,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டாவது 61,000 தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி ஒன்று, பட்டறை ஒன்று, ஓட்டுபவனும் ஒருவன் என்பதால் ஒப்பிட்டுப் பேசக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

பிஸ்டன் வண்டிகளை மட்டுமே அறிந்தவர்களுக்காகச் சில வரிகள். பிஸ்டனுக்குப் பதில் இங்கே ரோட்டர் என்ற முக்கோணத் துண்டு ஹவுசிங் என்ற உறைக்குள் சுழல்கிறது. அங்கே ரிங் செய்யும் வேலையை இங்கே ரோட்டரின் முனையில் செருகிய 2 மில்லிமீட்டர் தடிமனான பட்டை செய்கிறது. அதுதான் ஏபெக்ஸ் சீல். ஒரு ரோட்டருக்கு மூன்று முனைகள், என் 13பி என்ஜினில் இரண்டு ரோட்டர்கள், ஆக ஆறு பட்டைகள். அடியில் ஸ்பிரிங் இருந்தாலும் என்ஜின் ஓடத் தொடங்கியபின் பெரும்பாலான வேலையை வாயுவின் அழுத்தம் செய்துவிடுகிறது. அது பட்டையின் அடியில் புகுந்து, அதை ஹவுசிங்கின் உட்சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தச் சுவருக்கு மேலே குரோமியப் பூச்சு, அதன் அடியில் இரும்புத் தகடு, எல்லாவற்றையும் தாங்குவது அலுமினியம். குரோமியம் போனால் ஹவுசிங் போனது போலத்தான்.

2012-இல் இதையெல்லாம் படித்திருந்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. விற்றவர்களின் விளம்பரம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது: எங்கள் சீல் தேயாது. நானும் மயங்கினேன். ஹவுசிங் பழையது, ஆனாலும் பளபளப்பாக இருந்தது. அப்படியே மாட்டினோம்.

முதல் இரண்டு ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டில் சூடான என்ஜினை ஸ்டார்ட் செய்வது தொல்லையானது. சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து, ஜோகூர் பாருவில் சாப்பிட நிறுத்தி, அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரோட்டரி என்ஜினில் கம்ப்ரெஷன், அதாவது அறைக்குள் வாயு அழுத்தப்படும் அளவு, இறங்குவதை மீட்டருக்கு முன்பே சொல்வது இந்தச் சூடான ஸ்டார்ட்தான். கடற்பாலத்து நெரிசலைவிடக் கடுமையான பரிசோதனைக் கூடம் எனக்குத் தெரியாது.

மீட்டர் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை ஓட்டினால் 'புஸ், புஸ், புஸ்' என்று மூன்று மூச்சுகள் ஒரே சீராகக் கேட்க வேண்டும். ஒரு சீல் கெட்டிருந்தால் இரண்டு மூச்சுகள் தளரும், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரே சீல். எனக்கு மூன்றுமே தளர்ந்திருந்தன. அப்படியென்றால் குற்றவாளி ஒரு சீல் இல்லை என்று அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2017-இல் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்த கையோடு காக்கி புக்கிட் பட்டறையில் என்ஜினைப் பிரித்தோம். பட்டறை முதலாளியான தவுக்கே மைக்ரோமீட்டரில் சீலை அளந்துவிட்டுச் சிரித்தார். "சீல் புதிது மாதிரியே இருக்கிறது. ஹவுசிங்தான் போய்விட்டது." விளம்பரம் பொய் சொல்லவில்லை, சீல் தேயவேயில்லை. பதிலுக்குக் குரோமியத்தை அலை அலையாக உழுது வைத்திருந்தது. பிளக் துளை அருகிலும் ஓரங்களிலும் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அந்த ஆறு சீல்களை இன்னொரு என்ஜினில் போட்டிருந்தால் அதையும் உழுதிருக்கும். புதிய ஹவுசிங் இரண்டு வாங்கிய செலவில் அசல் சீல் பல தொகுதிகள் வாங்கலாம். சிங்கப்பூரில் எந்த ஹவுசிங்கும் மலிவில்லை என்று என் மனைவி சொன்னதை அன்று ரசிக்க முடியவில்லை.

இந்தக் கீறல் புதிய நோயும் இல்லை. 1960-களில் ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர்கள் இதை 'அரக்கனின் நகக் கீறல்' என்றே அழைத்தார்கள். சீல் சுவரின் மேல் அதிர்ந்து துள்ளுவதுதான் காரணம். 1967-இல் விற்பனைக்கு வந்த காஸ்மோ ஸ்போர்ட் காரில் அலுமினியம் கலந்த கார்பன் சீல் போட்டுச் சமாளித்தார்கள். பிற்பாடு வந்த வார்ப்பிரும்புச் சீலில் சுவரைத் தொடும் நுனியை மட்டும் கடினப்படுத்தினார்கள். சீலும் ஹவுசிங்கும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்த ஜோடி. அதில் ஒன்றை மட்டும் 'மேம்படுத்த' நினைத்தது என் முட்டாள்தனம்.

இரண்டாம் முறை புதிய ஹவுசிங், அசல் வார்ப்பிரும்புச் சீல், புதிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். சூட்டில் தளர்ந்த பழைய ஸ்பிரிங்குக்கு மேல் எந்தச் சீல் போட்டும் பயனில்லை. என்ஜினைப் பதப்படுத்த முதல் 1,500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன். சாங்கியிலிருந்து துவாஸ் வரை போனாலே ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறையத்தான் வரும் ஊரில் அது எத்தனை நடை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் 98 ஆக்டேன். சீல் உராயாமல் வழுக்க, லிட்டருக்கு 5 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். 50 லிட்டர் நிரப்பினால் கால் லிட்டர். நிலையத்து ஊழியர் ஒருவர் இன்றுவரை, "இது காரா, மோட்டார் சைக்கிளா?" என்று கேட்கிறார். என்ஜினின் சொந்த ஆயில் பம்ப்பையும் கழற்றவில்லை. அது தெளிப்பது சாதாரண என்ஜின் ஆயில். எரிவதற்கென்று செய்யப்பட்டதில்லை என்பதால் கரி விடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் சுத்தமாக எரியும். முதல் முறை இதைச் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடின சீலின் மீதான என் கோபத்தில் ஒரு பங்கை அங்கே கழித்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் எடுத்த கம்ப்ரெஷன், நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்துக்குத் திருத்திய கணக்கில், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அளவில்: முன் ரோட்டர் 7.6, 7.5, 7.6, பின் ரோட்டர் 7.4, 7.3, 7.4. பதப்படுத்தி முடித்தபோது எல்லாமே 8.2-ஐ ஒட்டி இருந்தன. எண் குறைந்ததைவிட, ஆறும் சேர்ந்தாற்போல் குறைந்திருப்பதுதான் எனக்கு நிம்மதி.

அசல் சீலுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. நாக்கிங் வந்தால், அதாவது சூட்டிலும் அழுத்தத்திலும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்தால், உடையும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிவிட்டு, வெளியேறும் வழியில் டர்போவின் விசிறியையும் தின்றுவிட்டுப் போகும். என் வண்டியில் டர்போ அழுத்தம் தொழிற்சாலை விட்டபடியே இருக்கிறது. ரேடியேட்டரும் இன்டர்கூலரும் மட்டும் பெரியவை. அதனால் அந்த அச்சம் குறைவு.

ஜோகூரில் இருக்கும் மச்சான் கதை வேறு. பழைய எஃப்சி ரகத்தில் அழுத்தத்தை ஏற்றி ஓட்டுபவர். அவர் போட்டிருந்தது மென்மையான சீல். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு நள்ளிரவு வண்டியின் பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோய், என்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் நாக்கிங் அடித்தது. சீல் உடையவில்லை, வளைந்தது. வலு பாதியாகக் குறைந்தும் வண்டி தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் ஹவுசிங் மறுபடி பயன்படுத்தும் நிலையில், டர்போ முழுசாக. சீல் சீக்கிரம் தேயும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்தாக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். டயர் மாற்றுவது போல என்ஜினை இறக்குகிற மனிதர். அவருக்கு அதுதான் சரி. பட்டறைக் கூலியை சிங்கப்பூர் வெள்ளியில் கொடுக்கிற எனக்கு ஒத்துவராது.

செராமிக் பற்றியும் கேட்பார்கள். 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யில் இருந்தது செராமிக்தான். எடை குறைவு, ஹவுசிங்கை உறுத்தாது. விலையைக் கேட்டுவிட்டு நானும் தவுக்கேயும் தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

என் சிஓஇ 2027-இல் முடிகிறது. அதற்கு முன் இறக்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று அசல் சீல் ஒரு தொகுதியை ஸ்பிரிங்குகளோடு எண்ணெய்த் தாளில் சுற்றி, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சென்ற தீபாவளியன்று முறுக்கு எடுக்க வந்த மாமியார் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார்.