பூனை மேல் சொட்டு மருந்தா, தரையில் துடைப்பமா? தெள்ளுப்பூச்சியோடு மூன்று மாதம்

ஆடி மாதம் ஊர்க் கொடைக்குப் போய்விட்டு, பத்து நாள் கழித்துச் சென்னை ஃபிளாட்டின் கதவைத் திறந்தேன். பூனைகள் இரண்டும் தங்கை வீட்டில் இருந்தன. ஜன்னலைத் திறக்கலாம் என்று ஹாலைக் கடந்தேன். நான்கு எட்டு வைப்பதற்குள் வெள்ளை வேட்டியில், கணுக்கால் பக்கம், தாளித்த கடுகு தெறித்த மாதிரி புள்ளிகள். தட்டிவிட்டேன். கடுகு குதித்தது.

மிளகும் ஜிலேபியும் வாசற்படி தாண்டாத பூனைகள். அப்படியிருந்தும் தெள்ளு எப்படி வந்தது? மாடிப்படியில் படுத்திருக்கும் தெருப்பூனை எங்கள் கால்மிதியில்தான் மத்தியானத் தூக்கம் போடும். மிச்சத்தை நம் கால்களே உள்ளே கொண்டுவந்துவிடும். எலி வரும் வீடு, பழைய சோபா வாங்கிய வீடு, முன்பு நாய் வளர்த்தவர்கள் காலி செய்த வீடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பலர் இதை உண்ணி என்கிறார்கள். உண்ணி தோலில் கடித்துக்கொண்டு அப்படியே இருக்கும், பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். தெள்ளு முடிக்குள் ஓடும், வெளியே விட்டால் குதிக்கும். சந்தேகமிருந்தால் பூனையை வெள்ளைத் துணி மேல் நிறுத்தி, வால் தொடங்கும் இடத்தில் பேன் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது பூனையின் ரத்தம். கரையாவிட்டால் வெறும் அழுக்கு.

அடுத்த மூன்று மாதத்தில் குளியல், சீப்பு, சொட்டு மருந்து, மாத்திரை, துடைப்பம், பூச்சி மருந்து அடிப்பவர் என்று ஏறக்குறைய எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து போயின. எது தேறியது என்று சொல்வதற்கு முன் எதிரியின் கணக்கு ஒன்று இருக்கிறது. பூனை மேல் நாம் பார்க்கும் வளர்ந்த தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மிச்சம் 95 சதவீதம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று தரையிலும் மெத்தையிலும் கிடக்கிறது. ரத்தம் குடிக்கத் தொடங்கிய பெண் தெள்ளு இரண்டு நாளுக்குள் முட்டையிட ஆரம்பிக்கும். போகப் போக நாளொன்றுக்கு 40, 50 வரை இடும். முட்டை வழவழப்பானது. பூனை எழுந்து சோம்பல் முறித்தால் போதும், உப்புத் தூவினாற்போல் உதிர்ந்துவிடும். புழு வெளிச்சம் பிடிக்காமல் இடுக்கில் போய் ஒளியும். அப்புறம் கூடு கட்டும். கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே குதிக்கும். பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் என் வேட்டிக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். 27 டிகிரி வெப்பமும் 75 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இதற்கு உகந்த நிலை. சென்னையில் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்ட கேள்விகள் மூன்று. முட்டையை என்ன செய்வாய்? எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாய்? பூனை உன்னை நக்கினால் என்ன ஆகும்?

குளியலும் சீப்பும்

முதலில் குளிப்பாட்டினோம். கையில் நான்கு கீறல், குளியலறைக் கதவில் ஒன்று. தண்ணீரோடு போன தெள்ளுகளைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் மறுநாள் மாலைவரைதான். சாதாரண பூனை ஷாம்பூ அப்போது மேலே இருப்பதைக் கொல்லும், அவ்வளவே. தரையிலிருந்து புதிதாக ஏறுபவற்றுக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. தவிர, சொட்டு மருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் செய்வது மருந்தைச் சாக்கடையில் ஊற்றுவதுதான்.

குளியலோடு ஒப்பிட்டால் சீப்பு எவ்வளவோ மேல். பல் நெருக்கமான பேன் சீப்பு, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம். சிக்கியதை உடனே அதில் முக்க வேண்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பித்துவிடும், சோப்பு கலந்தால் மூழ்கும். கழுத்து, தாடையடி, வால் தொடக்கம் இந்த மூன்று இடம் போதும். முட்டை விஷயத்தில் சீப்பும் தோற்றதுதான். ஆனால் மருந்து போட முடியாத சின்னக் குட்டிக்கு அதுதான் கதி. குட்டியைத் தெள்ளு வெறுமனே அரிக்க வைப்பதில்லை, ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். ஈறு வெளுத்திருந்தால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

சொட்டு மருந்துகளுக்குள் போட்டி

உண்மையான ஆட்டம் இங்கேதான். கடையில் டப்பாவின் படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஃபிப்ரோனில் மட்டும் இருக்கிறதா, கூடவே எஸ்-மெத்தோப்ரீன் இருக்கிறதா? இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும், ஆனால் வேலை வேறு. ஃபிப்ரோனில் ஒரு நாளுக்குள் வளர்ந்த தெள்ளைக் கொல்லும். மெத்தோப்ரீன் முட்டையையும் புழுவையும் வளரவிடாது. என் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இந்தக் கூட்டுதான். எட்டு வாரம் தாண்டிய பூனைக்கு மாதம் ஒரு முறை. ஒன்று மட்டும்: வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் பக்கமே போகாதீர்கள், முயலுக்கு அது விஷம்.

அதற்கு நேர் எதிரில் செலமெக்டின். இதுவும் பிடரியில் விடும் சொட்டுதான், மாதம் ஒன்றுதான். தெள்ளோடு அதன் முட்டையையும் பார்த்துக்கொள்ளும். காதுப் பூச்சி, உருண்டைப் புழு, கொக்கிப் புழு இவற்றையும் கவனிக்கும். சினைப் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் போடலாம். எங்கள் வீட்டில் ஜிலேபிக்குக் காதிலும் காபித்தூள் மாதிரி அழுக்கு இருந்ததால் மருத்துவர் இதை எழுதினார். காது சுத்தம், பூனை ஒன்றிரண்டு, வயிற்றுப் பூச்சிக்குத் தனியாக மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் ஃபிப்ரோனில்-மெத்தோப்ரீன் கூட்டே போதும். தெருவிலிருந்து புதிதாக எடுத்துவந்த பூனைக்கு நான் செலமெக்டின் பக்கம்தான் சாய்வேன்.

இரண்டிலும் ஒரே தவறைத்தான் எல்லோரும் செய்கிறோம். மருந்தை முடி மேல் விடுகிறோம். மண்டைக்குக் கீழே, நாக்கு எட்டாத இடத்தில், வகிடு எடுத்து, தோல் தெரிந்ததும் அங்கே விட வேண்டும். மிளகுக்கு முதல் மாதம் நான் விட்டது கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. திரும்பி ஒரு நக்கு நக்கி, வாயெல்லாம் நுரை. பயந்துபோய் மருத்துவரை அழைத்தேன். கசப்பில் வரும் நுரைதான், தண்ணீர் வையுங்கள், கண்ணில் வைத்திருங்கள் என்றார். பத்து நிமிடத்தில் அடங்கியது.

நைட்டன்பிராம் மாத்திரை வேறு ரகம். அரை மணி நேரத்தில் தெள்ளு செத்து உதிரத் தொடங்கும், ஒரு நாளில் மருந்தும் உடம்பை விட்டுப் போய்விடும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை, தாக்குப்பிடிப்பதில் இது பூஜ்யம். பூனையை வேறு வீட்டில் விடப் போகிறோம், அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகிறோம் என்றால் சரி.

கழுத்துப்பட்டை என்றால் இமிடாக்ளோபிரிடும் ஃபுளுமெத்ரினும் சேர்ந்த வகை எட்டு மாதம் வரை உழைக்கும். பட்டை மாட்ட விடும் பூனை உங்களுடையது என்றால் வாங்குங்கள். தெருவோரக் கடையில் தொங்கும் வாசனைப் பட்டைகள் இந்தக் கணக்கில் சேராது. ஐவர்மெக்டின் ஊசியையும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். அது காதுப் பூச்சிக்கு உதவும், தெள்ளுக்கு நம்பி உட்கார முடியாது.

போட்டியிலேயே சேர்க்கக் கூடாதவை

எங்கள் தளத்தில் இன்னொரு வீட்டில், நாய்க்கு வாங்கி வைத்திருந்த பவுடரில் ஒரு சிட்டிகையைப் பூனைக்கும் தூவினார்கள். கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. சாயங்காலம் பூனையின் காது துடிக்க ஆரம்பித்தது, பிறகு கால், இரவு எட்டு மணிக்கு உடம்பு முழுதும் வெட்டி வெட்டி இழுத்தது. பவுடரில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்த வசதி இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டில் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் டிரிப்ஸில் கிடந்து பிழைத்தது. நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். அதைப் போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு ஆபத்து. நாய்களுக்குப் போடும் அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது.

நம் வீட்டு வைத்தியமும் இங்கே கொஞ்சம் அடிவாங்குகிறது. டெட்டால் கலந்த தண்ணீர், கற்பூரம், பாச்சை உருண்டை, பூண்டு, டீ ட்ரீ எண்ணெய் எல்லாமே பூனைக்கு விஷம். வேப்பெண்ணெய் நமக்கு நல்லது என்பதால் பூனைக்கும் நல்லது என்று ஆகிவிடாது. உடம்பில் எதைத் தடவினாலும் அது நக்கி வயிற்றுக்குள் போகும் பிராணி. வேப்பிலையை அலமாரியில் வையுங்கள், பூனை மேல் வேண்டாம்.

வீடு

பூனை மேல் நல்ல மருந்து போட்டாகிவிட்டது என்றால் வீட்டுக்கு என்ன? இங்கே எனக்கு வியப்பளித்தது, விலை குறைந்த வழியே ஜெயித்தது. 2007இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, வேக்குவம் கிளீனர் இழுத்ததில் வளர்ந்த தெள்ளில் 96 சதவீதமும் புழு, கூட்டுப்புழு அத்தனையும் செத்துப் போயின. அவர்கள் ஊரில் கம்பளம் விரித்த தரை. நம் டைல்ஸ் தரையில் வேலை இன்னும் சுலபம். துடைப்பத்தால் பெருக்கி ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். ஆனால் முட்டை நடு ஹாலில் கிடப்பதில்லை. சோபா மெத்தை இடுக்கு, கட்டிலடி, சுருட்டி வைத்த பாய், சுவரும் தரையும் சேரும் ஓரம், எல்லாவற்றுக்கும் மேல் பூனை வழக்கமாகப் படுக்கும் அந்த ஒரு நாற்காலி. அங்கே வேக்குவம் கிளீனரின் ஒடுங்கிய வாய் துடைப்பத்தைத் தோற்கடிக்கும். இழுத்து முடித்ததும் குப்பையைக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள்.

பூனை படுக்கும் விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோம். துவைக்க முடியாத தலையணைகளை மொட்டைமாடியில் வெயிலில் போட்டோம். வெயில் நல்ல துணைதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் தடித்த மெத்தையின் நடுவே இருப்பது தப்பித்துவிடும்.

பூச்சி மருந்து அடிப்பவரையும் அழைத்தோம். வந்தவர் கரப்பானுக்கு வைக்கும் ஜெல்லோடு வந்தார். ரத்தம் மட்டுமே குடிக்கும் பூச்சி ஜெல்லை எதற்குத் தின்னப் போகிறது? திருப்பி அனுப்பிவிட்டோம். அழைப்பதாக இருந்தால் முதலிலேயே கேளுங்கள்: தெள்ளுக்கான தெளிப்பா, அதில் முட்டையையும் புழுவையும் வளரவிடாத மெத்தோப்ரீனோ பைரிப்ராக்ஸிஃபெனோ இருக்கிறதா? தெளித்தது நன்றாகக் காயும்வரை பூனைகள் வேறு இடத்தில் இருக்க வேண்டும், மீன் தொட்டியை மூடி மோட்டாரை நிறுத்த வேண்டும். ஆனால் கூட்டுக்குள் இருப்பதை எந்தத் தெளிப்பும் சரியாக எட்டாது. முதல் வாரமே இதற்குச் செலவழிப்பதை விட, இரண்டு மாதம் சொட்டு மருந்தும் பெருக்கலும் செய்து பார்த்து, அப்போதும் குறையாவிட்டால் அழைப்பது மேல்.

தரையில் உப்பு, சமையல் சோடா தூவும் யோசனை வறண்ட ஊர்க்காரர்களுடையது. கடற்கரை ஊரில் உப்பு தானே தண்ணீர் விட்டுக்கொள்ளும். சோப்புத் தண்ணீர்த் தட்டுக்கு மேல் விளக்கு வைக்கும் பொறி தெள்ளை ஒழிக்காது, ஆனால் கணக்கெடுக்க நல்லது. எங்கள் தட்டில் முதல் வாரம் பதினேழு, நான்காம் வாரம் இருபத்திரண்டு.

ஆமாம், கூடியது. மருந்து போலியோ என்று நான் சந்தேகப்பட்ட வாரம் அதுதான். பலர் இந்த இடத்தில்தான் மருந்தை மாற்றுகிறார்கள், இல்லையென்றால் ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டுப் பூனையைப் படுக்கவைக்கிறார்கள். உண்மையில் மருந்தில் ஒரு தப்பும் இல்லை. பழைய கூடுகள் வெடித்துக்கொண்டிருந்தன. வெளியே வந்தவை பூனை மேல் ஏறிச் செத்தன, புதிய முட்டை விழவில்லை. எட்டாம் வாரம் தட்டில் மூன்று. பதினோராம் வாரம் ஒரு கொசு மட்டும்.

இதற்குள் ஜிலேபியின் வாலடியில் அரிசி மாதிரி ஒன்று நெளிந்தது. தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். செலமெக்டின் பார்த்துக்கொள்ளும் புழுக்களில் இது கிடையாது, தனி மாத்திரை வேண்டும். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருக்கிறதோ அத்தனைக்கும் அதனதன் மருந்தை ஒரே நாளில் போட வேண்டும் என்பதும் அப்போது படித்த பாடம். அரிப்பில்லாத மிளகை முதல் மாதம் விட்டிருந்தால் அது நடமாடும் முட்டைப் பண்ணையாகியிருக்கும்.

மாடிப்படிப் பூனைதான் பாக்கி. பிடிக்க வராது, தொட்டால் சீறும். கால்மிதியைக் குளியலறைக்கு மாற்றியும் வெறும் தரையில் அதே இடத்தில் படுத்தது. கருவாட்டைத் தட்டில் வைத்து, தலை குனிந்து அது சுவைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பிடரியில் விட்டுவிட்டு எழுந்தேன். ஒரு முறை முறைத்தது, பிறகு மிச்சத்தைத் தின்றது. இப்போது ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மூன்று டியூப் வாங்குகிறோம்.