பட்டியல் வேலைக்கு ஓர் ஆள்: ஒன்றரை வருடம் வைத்துப் பார்த்த அனுபவம்

வவுனியாவில் மூன்று பேரோடு கோல் சென்டர் தொடங்கியிருக்கும் நண்பன் நேற்றுக் கேட்டான்: "மச்சான், உன்ர எஸ்.டி.ஆர். பிள்ளையளுக்கு உதவிக்கு ஒரு ஆளை வச்சிருக்கிறாய்தானே, பிரயோசனமோ? நானும் எடுக்கட்டோ?" எஸ்.டி.ஆர். என்றால் புது வாடிக்கையாளர்களுக்குக் கோல் அடிக்கிற விற்பனைப் பிள்ளைகள். போனில் சொல்லத் தொடங்கி, கோபம் வந்து பாதியில் வைத்துவிட்டேன். ஆறுதலாக எழுதுகிறேன்.

கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்து ஐந்து பேர் பிரித்தானியாவில் உள்ள சிறிய கணக்காளர் நிறுவனங்களுக்குக் கோல் எடுக்கிறோம். கணக்கு மென்பொருளுக்கு டெமோ நேரம் பிடித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடியும். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை.

முன்பெல்லாம் பிள்ளைகள் வந்து இருந்ததும் முதல் இரண்டு மணித்தியாலம், யாருக்கு அடிப்பது என்ற பட்டியலோடு போய்விடும். கம்பனீஸ் ஹவுஸ் என்ற பிரித்தானியக் கம்பனிப் பதிவேட்டில், கணக்காளர்களுக்கான 69201 என்ற தொழில் குறியீட்டைப் போட்டுத் தேட வேண்டும். இணையத்தளத்துக்குள் போய் நம்பர் எடுக்க வேண்டும். அந்த நம்பர் சி.டி.பி.எஸ். பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்பனைக் கோல் வேண்டாம் என்று கம்பனிகள் பதிந்து வைக்கும் பட்டியல் அது. அதில் உள்ளவருக்கு அவர் சம்மதமில்லாமல் அடித்தால் அங்கே சட்டப்படி பிழை, 28 நாளுக்கு ஒருமுறை திரும்பவும் சரிபார்க்க வேண்டும். நல்லாய் ஆங்கிலம் கதைக்கிற பிள்ளை, அங்கே ஆட்கள் போன் எடுக்கிற நேரத்தில் கொப்பி பேஸ்ட் செய்துகொண்டிருக்கும். பார்க்கவே வயிறு எரியும்.

பட்டியல் போட லண்டன் நேரம் தேவையில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. தர்மபுரம் பக்கமிருந்து ஓர் அக்கா வருகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு எட்டரைக்கு வந்தால் ஒரு மணிக்குப் போய்விடுவார். இரவு வேலை என்றால் அவரால் வரவே ஏலாது. ஒரு எஸ்.டி.ஆர். சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கிறேன். ஒரு பிள்ளை நாளுக்கு 30, 35 கோல் எடுத்த இடத்தில் இப்போது 60 எடுக்கிறது.

அதைவிட என்னை அசத்தியது வேறு. வந்து மூன்றாம் மாதம், கேட்காமலே ஷீட்டில் ஒரு நிரல் சேர்த்திருந்தார். "இங்கே இரண்டு பங்காளிகள்", "வெள்ளிக்கிழமை அரைநாள்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. டிசம்பர் கடைசியில் பார்த்தால் பாதி வரிசைகள் மஞ்சளாகக் கிடந்தன. "தம்பி, ஜனவரி 31 அவையளுக்கு வரி அறிக்கை கடைசி நாள். அந்த மாதம் அடிச்சால் ஏச்சுத்தான் விழும், பெப்ரவரிக்குத் தள்ளியிருக்கிறன்." ஒரு வெள்ளைக்காரரோடும் கதைத்திராத மனுசி, இணையத்தளங்களை வாசித்தே பிடித்த விசயம் இது. நாங்கள் அதற்கு முந்தின ஜனவரி முழுக்க அடித்து ஏச்சு வாங்கியவர்கள்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

பட்டியல் போனதும் பிள்ளைகளுக்குக் கை லேசாகிவிட்டது. அப்புறம் சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் விபர மென்பொருளில் பதிவது, டெமோ அழைப்பு அனுப்புவது எல்லாம் அக்காவிடம் போனது. அதுவரை சரி. பிறகு கோல் குறிப்பையும் தள்ளிவிட்டார்கள். இரவு வேலை முடிய ஓட்டோவில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார்கள், காலையில் அக்கா கேட்டுத் தட்டச்சு செய்வார். நான் பலமுறை நிறுத்தச் சொன்னேன். இரண்டு கிழமை எழுதுவார்கள், பிறகு பழையபடிதான்.

போன கிழமை லீட்ஸில் ஒரு கணக்காளருக்குத் திரும்ப அடித்தோம். முதல் கோலில் அவர் சொன்னது இவ்வளவு: இப்போதுள்ள மென்பொருள் ஒப்பந்தம் செப்டெம்பரில் முடியும், அதற்குப் பிறகு எடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம், என் பங்காளியைக் கேளுங்கள், முடிவு அவருடையது. குறிப்பில் இருந்தது: "செப்டெம்பர் பின்." அவ்வளவுதான். அதே மனிதரைக் கேட்டு, அதே கதையை முதலில் இருந்து தொடங்கினோம். "போனமுறை நான் சொன்னதை யாருமே கேட்கவில்லையா?" என்று வைத்துவிட்டார்.

அக்காவில் பிழை இல்லை. குரல் செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், ஒன்பது செக்கன். அதில் பங்காளியே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு ஞாபகம் இருந்தது அவ்வளவுதான், ஏனென்றால் அதற்குப் பிறகு இன்னும் நாற்பது பேரோடு கதைத்திருக்கிறது. தயங்கிச் சொன்னாரா, சலித்துச் சொன்னாரா என்பது போனைக் காதில் வைத்திருந்தவருக்குத்தான் தெரியும். பட்டியலை யாரும் போடலாம். கேட்ட காது எழுதவேண்டியதைக் கேட்காத கை எழுத முடியாது.

ஆகவே மச்சான், இவ்வளவு நல்லது சொல்லியும், நீ இப்போதைக்கு ஆள் எடுக்காதே. உன் மூன்று பேரும் ஒவ்வொரு கோலும் முடிந்த கையோடு, அடுத்த நம்பரைத் தட்ட முதல், மூன்று வரி தாங்களே எழுதட்டும். இரண்டு மாதம் அது பழகட்டும். அதற்கு முதல் உதவிக்கு ஆள் வந்தால் உன்னிடமும் "செப்டெம்பர் பின்" என்றுதான் கிடக்கும். அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேனோ தெரியாது, இன்றைக்கு என் முடிவு இதுதான்.

அக்கா எங்களோடுதான் இருப்பார், பட்டியல் அவருடையது. குரல் செய்தி அனுப்பும் வாட்ஸ்அப் குழுவை நேற்று இரவே மூடிவிட்டேன். லீட்ஸுக்குத் திங்கட்கிழமை நானே அடிக்கிறேன். பங்காளியின் பெயரை அக்கா அவர்களின் இணையத்தளத்தில் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.