சாவி யாரிடம் இருக்கிறது? ஐகிளவுடின் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’ வசதி: ஒரு மதிப்புரை

ஆப்பிள் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்காவிலும், அடுத்த மாதம் பிற நாடுகளிலும் அறிமுகப்படுத்திய ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’, அதன் இணையச் சேமிப்புச் சேவையான ஐகிளவுடில் சேமிக்கப்படும் தரவுகளுக்கான கூடுதல் பாதுகாப்பு வசதி. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் இது நீடிக்குமா என்பது பயனர் வாழும் நாட்டின் சட்டத்தையும் பொறுத்திருப்பதால், தொழில்நுட்பத்தை மட்டும் வைத்து இதற்கு மதிப்பெண் போட முடியாது.

இயல்பான அமைப்பிலும் காப்புப் பிரதிகள், புகைப்படங்கள், குறிப்புகள் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்பட்டே, சேமிக்கப்படுகின்றன. எனினும் அவற்றைத் திறக்கும் சாவி ஆப்பிளிடமும் இருக்கிறது. கடவுச்சொல்லை மறந்தவருக்குத் தரவை மீட்டுத் தருவதும், நீதிமன்ற ஆணையோடு வரும் புலனாய்வு அமைப்புக்கு அதைத் திறந்து கொடுப்பதும் இந்த ஒரே சாவிதான். ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் நடக்கும் உரையாடல்களை ஆப்பிளால் படிக்க முடியாது என்று நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐகிளவுட் காப்புப் பிரதியை இயக்கியிருந்தால், அந்த உரையாடல்களுக்கான சாவியின் நகலும் அதற்குள் போய்ச் சேர்கிறது. புதிய வசதி இந்த ஓட்டையை அடைக்கிறது. சாவி பயனருடைய கருவிகளில் மட்டுமே தங்கும்படி காக்கப்படும் தரவு வகைகள், அறிமுகத்தின்போது 14-லிருந்து 23-ஆக உயர்ந்தன.

இதை இயக்குவது கடினமல்ல, ஆனால் பொறுமை வேண்டும். செட்டிங்ஸில் நம் பெயரைத் தொட்டு, ஐகிளவுடுக்குள் சென்று இதைத் தேர்ந்தெடுத்தால், முதலில் மீட்பு வழி கேட்கப்படும். நம்பகமான ஒருவரை மீட்புத் தொடர்பாளராக நியமிக்கலாம், அல்லது 28 எழுத்துகளும் எண்களும் கொண்ட மீட்புச் சாவியை உருவாக்கிக்கொள்ளலாம். அந்தச் சாவியைத் திரையில் காட்டிவிட்டு, எழுதி வைத்துக்கொண்டோமா என்று உறுதிசெய்ய மீண்டும் தட்டச்சு செய்யச் சொல்கிறது. இந்தக் கண்டிப்பு அவசியமானது. சாவியும் கருவிகளும் கடவுக்குறியீடும் ஒருசேரப் போய்விட்டால் ஆப்பிளாலும் ஒன்றும் செய்ய இயலாது. அதே கணக்கில் பழைய மென்பொருளோடு ஒரு கருவி இருந்தாலும், அதைப் புதுப்பிக்கும்வரை அல்லது கணக்கிலிருந்து நீக்கும்வரை வசதி இயங்காது.

குறைகளும் உண்டு. பிற நிறுவனங்களின் சேவைகளோடு இணைந்து இயங்க வேண்டியிருப்பதால், மின்னஞ்சல், தொடர்பு முகவரிகள், நாட்காட்டி ஆகிய மூன்றும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கின்றன. யாரோடு பேசினோம், எப்போது சந்தித்தோம் என்பதை இந்த மூன்றிலிருந்தே ஓரளவு ஊகித்துவிடலாம் என்பதால், இதைச் சிறிய குறையாக என்னால் கருத முடியவில்லை. இதைவிடப் பெரிய குறை, வசதி இயல்பில் அணைக்கப்பட்டே வருவது. தேடிப் போய் இயக்குபவருக்கு மட்டும் கிடைக்கும் அந்தரங்கம், தேவை இருந்தும் விவரம் தெரியாதவரைக் கைவிட்டுவிடுகிறது.

பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால்தான் இந்தச் சேவையின் உண்மையான எடை விளங்கும். 2016-ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டத்தின் கீழ், மறையாக்கப்பட்ட தரவைத் திறக்கும் வழியை ஏற்படுத்துமாறு அந்நாட்டு அரசு ஆப்பிளுக்கு ரகசிய ஆணை பிறப்பித்ததாக 2025 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அத்தகைய ஆணை தனக்கு வந்திருப்பதைப் பெற்றவர் வெளியே சொல்லவும் அச்சட்டம் தடை விதிக்கிறது. அதே மாதம் 21-ஆம் தேதி, பிரிட்டனின் புதிய பயனர்களுக்கு ஆப்பிள் இந்த வசதியை நிறுத்தியது. ஆணையை எதிர்த்து ஆப்பிள் தொடுத்த வழக்கின் அடிப்படை விவரங்களைக்கூட வெளியிடக் கூடாது என்று அரசு வாதிட்டது. அந்த வழக்கை விசாரித்த புலனாய்வு அதிகாரத் தீர்ப்பாயம் ஏப்ரலில் அதை ஏற்க மறுத்தது. திருட்டுத்தனமாக ஒரு பின்வாசலை வைத்துவிட்டு வசதி இயங்குவதாகக் காட்டிக்கொள்வதைவிட, வசதியையே எடுத்துவிட்டது நேர்மையான முடிவு என்பேன். அதனால் நட்டமடைந்தவர் அங்குள்ள பயனர் என்பதும் உண்மை.

விவகாரம் ஒரு நாட்டோடு நிற்கவில்லை. கேட்கப்பட்ட வழி உலகெங்கும் உள்ள பயனர்களின் தரவை எட்டக்கூடியது என்பதால் அமெரிக்கா தலையிட்டது. 2018-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட கிளவுட் சட்டத்தின் அடிப்படையில் இரு நாடுகளுக்கும் இடையே தரவுப் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. மறையாக்கத்தை உடைக்கும் திறன் நிறுவனங்களுக்கு இருந்தாக வேண்டும் என்ற கடமையை இத்தகைய ஒப்பந்தம் உருவாக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே கூறுகிறது. பிரிட்டன் தன் கோரிக்கையைக் கைவிட ஒப்புக்கொண்டதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் துளசி கப்பார்ட் அறிவித்தார். ஆனால், பிரிட்டன் பயனர்களை மட்டும் குறிவைத்துப் புதிய ஆணை பிறப்பிக்கப்பட்டதாக அக்டோபரில் செய்திகள் வந்தன. வெளிநாட்டவரின் தரவுக்கு அவர்களுடைய அரசு வாதாடியது. உள்நாட்டுக் குடிமக்களுக்காக வாதாட அப்படி யாரும் இல்லை.

குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களையும் பயங்கரவாதத்தையும் விசாரிப்பவர்களின் தவிப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாவி பயனரிடம் போவதால் அரசு கையற்றுப் போய்விடுவதில்லை. பிரிட்டனிலேயே 2000-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், சந்தேகத்துக்குரியவரிடமே மறையாக்கச் சாவியைக் கேட்க அதிகாரம் அளிக்கிறது. மறுத்தால் இரண்டு ஆண்டுகள் வரையும், தேசியப் பாதுகாப்பு தொடர்பான வழக்குகளில் ஐந்து ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை உண்டு. கடுமையான சட்டம்தான். ஆயினும் அங்கே ஆணை ஒரு தனிமனிதரின் கைக்கு வருகிறது, அவருக்கு அது தெரிகிறது, வழக்கறிஞரை வைத்து அவர் எதிர்க்கவும் முடிகிறது. நிறுவனத்திடம் சாவி இருக்கும்போது, தன் தரவு திறக்கப்பட்டதையே அறியாமல் ஒருவர் வாழ்ந்துவிடக்கூடும். இந்தச் சேவையின் தலையாய பயனாக நான் கருதுவது, விசாரணையின் கடிதம் நிறுவனத்தின் முகவரிக்குப் போகாமல் நம் வாசலுக்கு வரவைப்பதைத்தான்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில், ரஷ்யாவுக்கு எதிரான போட்சாசோவ் வழக்கில், எல்லாப் பயனர்களின் மறையாக்கத்தையும் பலவீனப்படுத்தும் கட்டாயம் ஜனநாயகச் சமூகத்தில் அளவுக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது. தேசியப் பாதுகாப்பின் பெயரால் வைக்கப்படும் வாசல் தேசத்துக்கே ஆபத்தாகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு வலைப்பின்னல்களுக்குள் புகுந்த, சீனாவோடு தொடர்புடைய ‘சால்ட் டைபூன்’ ஊடுருவிகள், சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்காக அமைக்கப்பட்டிருந்த அமைப்புகளையும் தொட்டது 2024-இல் வெளிவந்தது.

வசதி கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் இன்றே இதை இயக்கிவிடலாம் என்பது என் பரிந்துரை; வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் கட்டாயம் இயக்க வேண்டும். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, ஐபோன் இருக்கும் பையில் அல்லாமல் வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். ரகசியம் காக்க வேண்டிய ஆவணங்களை ஐகிளவுட் மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளாமல், இந்தப் பாதுகாப்புக்குள் வரும் குறிப்புகளிலோ ஐகிளவுட் டிரைவிலோ சேமிப்பது நல்லது. இணைப்பு முகவரி வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற முறையில் அவற்றைப் பகிர்ந்தால் இந்தப் பாதுகாப்பு விலகிவிடும் என்பதால், பகிரும்போது பெறுநரைப் பெயர் குறிப்பிட்டே சேர்க்க வேண்டும்.