மூன்று வருடம் ஆசிட் இழுத்த காற்று பம்ப்

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், இரும்புக்குத் துத்தநாகம் பூசும் ஒரு சின்ன கால்வனைசிங் யூனிட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். துரு எடுக்கும் தொட்டிக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏற்றுவதும் இறக்குவதும் எங்கள் வேலை. முன்பு மோட்டார் பம்ப் இருந்தது. ஆசிட் புகையில் மோட்டார் அரித்துப்போகும், சீல் ஒழுகும், மாதம் ஒருமுறையாவது கழற்றி மாட்டுவேன். மூன்று வருடத்துக்கு முன், மோட்டார் இல்லாமல் காற்றழுத்தத்தில் ஓடும் 1 அங்குல காற்று பம்ப் வாங்கினோம். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் பாடி, டெஃப்லான் டயாபிரம் (ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆசிட், நடுவில் முன்னும் பின்னும் அசைந்து ஆசிட்டைத் தள்ளும் சவ்வு). வாங்க யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பம்ப் அருமை. கரண்ட் வேண்டாம், கம்ப்ரசரிலிருந்து ஒரு ஹோஸ் போதும். 200 லிட்டர் பேரல் நாலைந்து நிமிடத்தில் காலியாகிவிடும். பேரல் வற்றி வெறுங்காற்றை இழுத்தாலும் எரிந்துபோகாது. ஆனால் அப்போது வேகம் கூடி டயாபிரம் தேயும், அதனால் ஓடவிட்டு டீக்குப் போகக் கூடாது. 1955இல் அமெரிக்காவில் ஜிம் வில்டன் உருவாக்கிய அதே அமைப்புதான் இன்றும். இரண்டு டயாபிரம், நடுவில் ஒரு ஷாஃப்ட், வால்வாக நாலு பந்து. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த ஃபிட்டரும் அரை நாளில் பிரித்து மாட்டலாம்.

டெலிவரி வால்வை மூடினால் தானாக நின்றுகொள்ளும், திறந்தால் மறுபடி தடக் தடக் என்று ஓடும். எனக்குப் பயமே இதில்தான். ஒருநாள் பம்ப் சத்தமில்லாமல் நின்றதைப் பார்த்து, ஆஃப் ஆகிவிட்டது என்று ஹெல்பர் தம்பி டெலிவரி கிளாம்பில் ஸ்பேனர் போட்டுவிட்டான். கேஜ் 4 கிலோ அழுத்தம் காட்டுகிறது! "தம்பி, கையை எடு" என்று நான் கத்தாமல் இருந்திருந்தால் அவ்வளவு ஆசிட்டும் அவன் முகத்தில் அடித்திருக்கும். அன்றைக்கே காற்று லைனில், மூடினால் பம்ப் பக்கத்துக் காற்றை வெளியே விடும் வால்வு மாட்டினேன். இப்போது அதை மூடிப் பூட்டி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டெலிவரி லைனையும் பேரலுக்குள் திறந்து வடித்த பிறகுதான் எவரும் கை வைக்கலாம்.

இரண்டாம் வருடம் டயாபிரம் கிழிந்தது. அதற்கு நாலு நாள் முன்பே டெலிவரி ஹோஸில் குமிழ் குமிழாக வந்தது. சக்‌ஷனில்தான் காற்று இழுக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கத்து கிளாம்பையே இறுக்கிக்கொண்டிருந்தேன். நுணுக்கமாகக் கிழிந்த டயாபிரம் வழியாகவும் காற்று ஆசிட்டுக்குள் போகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் காலை, பம்ப்பை ஓட்டிய காற்று வெளியேறும் சைலன்சரிலிருந்து மஞ்சளாகச் சொட்டுகிறது, பக்கத்தில் நிற்க முடியாத நெடி. டயாபிரம் கிழிந்தால் ஆசிட்டுக்கு வெளியே வர அதுதான் வழி. டவுனில் எங்களுக்கு விற்ற கடைக்காரர், ஆட்கள் நடக்கும் பக்கமாகச் சைலன்சரைத் திருப்பி மாட்டிவிட்டுப் போயிருந்தார். மாட்டும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரம் யாரும் அங்கே இல்லை, மீனாட்சி புண்ணியம். சைலன்சரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை அளவுக்கே பைப் போட்டு, சுண்ணாம்புக் குழி வரைக்கும் இறக்கிவிட்டோம். புது டயாபிரம் கிட் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. பம்ப்போடு சேர்த்தே ஒரு கிட் வாங்கி வையுங்கள்.

ஐப்பசி மழையில் வேறு ஒரு கூத்து. வெளியே புழுக்கம், பம்ப் எக்ஸாஸ்டில் வெள்ளையாகப் பனி படிந்து மூச்சுத் திணறி நின்றது. அழுத்தத்தோடு இருக்கும் காற்று வெளியே வந்து விரியும்போது சில்லென்று ஆகும், அதிலுள்ள ஈரம் உறைந்து வழியை அடைத்துவிடும். தினமும் காலையில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் வடித்து, லைனில் ஃபில்டர் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. 7 கிலோ வரை கொடுக்கலாம் என்று பம்ப்பில் போட்டிருக்கிறது, நான் ரெகுலேட்டரை 3, 4க்கு மேல் ஏற்றுவதில்லை. கடையில் ஆயில் விடும் கப்பும் தலையில் கட்டப் பார்த்தார்கள். மேனுவலில் ஆயில் தேவையில்லை என்று இருந்ததால் தப்பித்தோம். பிளாஸ்டிக் பாடியில் போல்ட் நாளாக நாளாகத் தளரும், பம்ப் நின்று ஆறியிருக்கும்போது எதிரெதிராக அளவாக இறுக்குங்கள்.

புதூரில் பெயின்ட் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் தின்னர் மாற்ற இதைக் கேட்டார். "அண்ணே, ஒரு நாளைக்குத்தானே" என்றார். ஒரு மணி நேரத்துக்கும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாதா பிளாஸ்டிக்கில் தின்னர் ஓடினால் நிலை மின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்ப் வாங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் போய் பம்ப்புக்கும் பேரலுக்கும் எர்த் வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.