1200 எம்பிபிஎஸ் வேகம் என்று சொல்லி 150-ஐத் தலையில் கட்டினார்கள்: வைஃபை அடாப்டர் வாங்குகிறவர்கள் உஷார்

கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ஒரு சின்ன கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் 1,450 ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். அட்டையில் டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை), 1200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1200 மெகாபிட்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் 21, அதன் மையநிரலான கர்னல் 5.15, ஓடுமா என்று தெளிவாகத்தான் கேட்டேன். கல்லாவில் இருந்தவர், "நம்ம வீட்லயும் லினக்ஸ்தான் சார், செருகினா போதும்" என்றார். அந்த 'நம்ம வீட்லயும்'தான் என்னைக் கவிழ்த்தது. உள்ளே இருக்கும் சிப் என்னவென்றுகூடக் கேட்காமல் பணத்தை அனுப்பிவிட்டேன்.

வீட்டில் செருகினால் வைஃபை வரவில்லை, டெஸ்க்டாப்பில் ஒரு சிடி ஐகான் வந்து உட்கார்ந்தது, உள்ளே விண்டோஸ் செட்டப் ஃபைல். செருகிய யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்துப் பார்த்தால் 0பிடிஏ:1ஏ2பி என்ற அடையாள எண், அதாவது சிடிராம் மோட். சரி, இந்த வகை அடாப்டர்கள் முதலில் சிடி வேஷம் போடுவது வழக்கம்தான், யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலைக் கொண்டு மாற்றினால் வேஷம் கலையும். கலைந்தது. உள்ளே இருந்தது ஆர்டிஎல் 8188ஜியு சிப். அதில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது, வெறும் 2.4, அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ். போதாக்குறைக்கு 5.15 கர்னலில் அதை இயக்கும் டிரைவரும் இல்லை. இதற்கா 1,450?

திங்கள்கிழமை போனேன். "பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே சார்." பிரிக்காமல் எப்படி ஐயா செருகுவது! அப்புறம் "விண்டோஸ் போட்டுக்கோங்க" என்றார், விண்டோஸ் போட்டால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் முளைத்துவிடுமா? அப்புறம் "ஓனர் சாயங்காலம் வருவார்." மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்ததோடு சரி. பில்லை எடுத்துப் பார்த்தால் 'யுஎஸ்பி ஐட்டம் 1,450' என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது, மாடல் பெயரே இல்லை. அதைக் கவனிக்காதது என் முட்டாள்தனம்.

என்ன வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு வரவில்லை. சிப் நம்பரைக் கேளுங்கள், பெட்டியை நம்பாதீர்கள். மீடியாடெக் 7612யு சிப்புக்கு 4.19 பதிப்பிலிருந்தே டிரைவர் கர்னலில் இருக்கிறது. லேப்டாப் இருந்தால் கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பாருங்கள். பில்லில் மாடல் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பதிவையே போனின் இணையத்தை வயர் வழியாக கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கில் போட்டுத்தான் ஏற்றுகிறேன், 1,450 ரூபாய் பக்கத்தில் மேஜைமேல் கிடக்கிறது.