புராஸ்டேட் அறுவை: விரலா, ரோபோவா?

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு அடியில், இடுப்பெலும்புக் கூட்டின் இடுக்கில் இருக்கிறது. புற்றுநோய்க்காக அதை முழுதாக எடுத்த பிறகு, சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் மறுபடி இணைத்துத் தைக்க வேண்டும். யூராலஜி (சிறுநீர்ப் பாதை) சர்ஜன்கள், வயிற்றைத் திறந்து கையால் செய்பவர்கள், ரோபோவால் செய்பவர்கள் என இரண்டு கட்சியாகப் பிரிந்ததில் இந்த இடுக்குக்கும் இந்தத் தையலுக்கும் பெரும் பங்கு உண்டு.

வயிற்றைத் திறந்து செய்பவர்களுக்கு 1982 முக்கியமான ஆண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் என்ற சர்ஜன், விறைப்புக்கான நரம்புகளை விட்டுவைத்தே சுரப்பியை எடுத்துக் காட்டினார். கட்டி எங்கே கெட்டியாக இருக்கிறது என்பது விரல் நுனிக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது என்பது இவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். சர்ஜன் தள்ளி உட்கார்ந்து இயக்கும் டாவின்சி ரோபோவில் இழுப்பும் அழுத்தமும் சர்ஜனின் கைக்கு எட்டத் தொடங்கியதே 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி 5இல்தான். அதுவரை எல்லாவற்றையும் கண்ணால்தான் கணிக்க வேண்டியிருந்தது.

ரோபோ கட்சியின் கதை மணி மேனனிடமிருந்து தொடங்குவதே பொருத்தம். புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். டெட்ராய்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில், திறந்த அறுவையில் பெயர் பெற்றிருந்தவர். சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோபியைக் கொண்டுவரப் பாரிஸிலிருந்து நிபுணர்களை வரவழைத்தார். வளையாத நீளக் கருவிகளால் அந்த ஆழத்தில் தைப்பது மிகக் கடினமாக இருந்தது. மணிக்கட்டுபோல் வளையும் ரோபோ கருவியும், முப்பரிமாணப் படமும் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. திறந்த அறுவையில் தேர்ந்த பலர், லேப்ராஸ்கோபியைத் தாண்டி நேராக ரோபோவுக்கு வந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது பிரிஸ்பேனில் நடந்த ஆய்வு. 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 2016இல் வந்த 12 வார முடிவிலும், 2018இல் வந்த 24 மாத முடிவிலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலோ பாலியல் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரத்த இழப்பு ரோபோவில் மூன்றில் ஒரு பங்குதான். திறந்த அறுவையைச் செய்தவர் 1500க்கு மேல் செய்து பழகியவர். ரோபோவில் செய்தவருக்கு அப்போது 200 அனுபவம். “பலன் சமம், பிறகு எதற்கு இத்தனை செலவு?” என்கிறது ஒரு கட்சி. “200லேயே 1500ஐ எட்டிவிட்டாரே!” என்கிறது மற்றது. பிரிவுக்கு ஒரு சர்ஜன்தான் அறுவை செய்தார் என்பதால், இரண்டையும் அளவோடுதான் ஏற்க முடிகிறது. நோயாளியாக இருந்தால் இயந்திரத்தின் பெயரை விட, சர்ஜன் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் வெட்டி மீதியைக் காப்பாற்றும் அறுவையில் என் ஓட்டு ரோபோவுக்கே. ரத்தக் குழாயை இடுக்கிவிட்டு வேலை செய்யும்போது ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகத்துக்குக் கேடு. லேப்ராஸ்கோபியை விட ரோபோவில் தையல் எளிது.

இப்போது ரோபோக்களுக்குள்ளேயே போட்டி. பழைய டாவின்சியில் சர்ஜன், ரோபோவை இயக்கும் கன்சோலுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார். கவனம் சிதறாது, ஆனால் அறையில் இருப்பவர்களின் முகம் தெரியாது. ஹூகோ என்ற ரோபோவுக்கும் இந்தியாவில் உருவான எஸ்எஸ்ஐ மந்த்ரா ரோபோவுக்கும் திறந்த கன்சோல். முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கலாம், உதவியாளரோடு நேராகப் பேசலாம். ஆசிய பசிபிக் பகுதியில் ஹூகோவின் முதல் அறுவை 2021இல் சென்னை அப்போலோவில் நடந்தது, அதுவும் புராஸ்டேட்தான். ஹூகோவின் கைகள் தனித்தனி வண்டிகளில் நிற்பதால் விரும்பியபடி நிறுத்தலாம். அதற்கேற்ப அறையில் இடமும் வேண்டும். இன்னொரு பக்கம் செலவு: டாவின்சி கருவிகளைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது, அந்தச் சுமை கடைசியில் நோயாளியின் பில்லில்தான் வந்து சேரும்.

என்னை உறுத்துவது பயிற்சி மருத்துவர்களின் நிலை. ரோபோவிலேயே வளர்ந்தவருக்கு, நடுவில் ரத்தம் பீறிட்டால் வயிற்றைத் திறந்து கையால் அடைக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? திறந்த அறுவையில் பழகிய மூத்தவர்கள் பணியில் இருக்கும்போதே அதைக் கற்றுக் கொடுத்தாக வேண்டும்.