திருட்டு சிடியா, இலவச ஆட்டமா?

பாளையங்கோட்டையில் நாங்கள் கிரிக்கெட் 07 என்ற கணினி ஆட்டத்தை ஆடியதெல்லாம் திருட்டு சிடியில்தான். விற்ற கடைக்குக் காசு போனது. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை. 2006-இல் வந்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு, அதை வெளியிட்ட இஏ ஸ்போர்ட்ஸ் கணினிக்குக் கிரிக்கெட் ஆட்டமே கொண்டுவரவில்லை. திருட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க ஆள் இல்லாத சந்தையில் யார் முதல் போடுவார்கள்? புது வீரர்களை ரசிகர்களே பேட்ச் (ஆட்டத்தை மாற்றும் கோப்பு) போட்டுச் சேர்த்தார்கள், பாவம்.

கொனாமி என்ற ஜப்பானிய ஆட்ட நிறுவனம் 2021-இல் வேறு வழி எடுத்தது: இஃபுட்பால் என்ற கால்பந்து ஆட்டத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்குள் செலவழிக்கும் நாணயங்களை விற்கிறது. ஆட்டம் நிறுவனத்தின் சர்வரை (இணையம் வழியாக இயக்கும் கணினியை) நம்பி இருப்பதால் திருட்டு நகலுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. சர்வரை நிறுத்தினால் எல்லாம் போச்சு, அது குறைதான். இருந்தாலும் உழைத்தவருக்குக் கூலி போகிறதே, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.